எட்டு மடங்கு அருகில்

ஜனவரி 6, செவ்வாய்

ஏழாங்கண் குளத்தில் இன்று காலை ஒரு சேற்றுப் பூனைப்பருந்து நாமக்கோழியை உயிரோடு தின்றது. கொன்று தின்றது என்று எழுதினால் பருந்துக்கு வேண்டாத மரியாதை செய்ததாகும். கோரைத் திட்டின்மேல் போட்டு, ஒரு காலால் மிதித்துக்கொண்டு, முதுகிலிருந்து தொடங்கியது. தன் முதுகில் என்ன நடக்கிறது என்று அறிய விரும்புவதுபோல் நாமக்கோழி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அது தின்று முடிக்கும்வரை நான் பார்த்தேன். பக்கத்தில் நின்ற நயினார் பைனாகுலரை இறக்கிவிட்டு, செருப்பில் ஒட்டிய சேற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ஆறுமுகநயினார் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். மனைவி காலமாகிவிட்டார், ஜெர்மனியில் ஒரு மகன். என்னைவிட ஐந்து வயது இளையவர் என்பதால் அக்கா என்பார். பாளையங்கோட்டையிலிருந்து அவருடைய காரில்தான் குளம் குளமாகப் போகிறோம். மகன் அனுப்பிய பைனாகுலர் அவர் கழுத்தில் தொங்குகிறது. அந்த விலைக்கு ஒரு கறவை மாட்டைத் தொழுவத்தோடு வாங்கலாம். என்னுடையது நடுத்தர விலை. பொருட்காட்சியில் விற்கும் பொம்மையும் அல்ல, சீமான் வீட்டுச் சீதனமும் அல்ல. ஆயுள் முழுவதும் கல்லூரியில் ஒளியியல் நடத்தியவள். எதற்குக் காசு கொடுக்கிறேன், எதற்குக் கொடுக்கவில்லை என்று அறிந்தே வாங்கினேன்.

“இத வச்சிக்கிட்டு எப்படித்தான் பாக்கியளோ! ஓரத்துல எல்லாம் ஊதாக் கோடு விழுதேக்கா.”

“விழட்டும். பறவை நடுவுலதான் இருக்கு.”

“விடியுமுன்ன என்னதுல பாருங்க, அப்பந் தெரியும் வித்தியாசம்.”

“உங்களதுல பாத்துட்டு நீங்க தலையக் குனிஞ்சிட்டிய. என்னதுல நான் முழுசாப் பாத்தேன்.”

சிரித்தார். பிறகு என்னுடையதை இரவல் வாங்கி, வழக்கம்போல் வலது கண் வளையத்தைத் திருகி வைத்துத் திருப்பித் தந்தார். கண்புரை அறுவைக்குப் பிறகு என் வலது கண்ணும் இடது கண்ணும் உலகத்தைப் பற்றி ஒத்துப்போவதில்லை. அவற்றுக்குச் சமரசம் செய்துவைப்பது அந்த வளையம்தான். இதை நயினாருக்கு எத்தனை முறை சொல்லியாயிற்று!

வீட்டில் பைனாகுலரின் வில்லைகளை ஊதி, தூரிகையால் தட்டி, அதன்பிறகே துணியால் துடைத்தேன். சேலைத் தலைப்பால் துடைப்பவர்களைச் சிறையில் போடவேண்டும். மதியத்துக்கு ரசம், சுட்ட அப்பளம்.

ஜனவரி 10, சனி

உபரிநீர் வழியும் கலுங்குக்கு அருகில், முழங்கால் அளவு நீரில், மூன்று குளத்துக்கொக்குகள் நின்றன. அசையாமல் நிற்பது கொக்கின் தொழில். ஆனால் நாங்கள் நெருங்கிய பிறகும் நின்றன. பைனாகுலரில் பார்த்தேன். கால்கள் குச்சிகளில் கட்டப்பட்டிருந்தன. இமைகள் தைக்கப்பட்டிருந்தன. வலைக்காரர்கள் இவற்றைப் பார்வைப் பறவை என்பார்கள். தன் இனம் நிம்மதியாக நிற்கிறது என்று நம்பி மற்றவை வந்து இறங்கும், வலை விழும். பிடித்தவை நெடுஞ்சாலைக் கடைகளில் காடை என்ற பெயரில் விலைபோகும்.

நயினார் பேண்டோடு தண்ணீரில் இறங்கினார். நகம் வெட்டும் சிறிய கத்தரியால் தையலைப் பிரித்தார். கண் திறந்ததும் முதல் கொக்கு செய்த காரியம், அவருடைய கட்டைவிரலைக் குத்திக் கிழித்தது. இரண்டாவது பறந்துபோயிற்று. மூன்றாவதற்கு நூலோடு இமையும் வந்துவிட்டது. அதன் கழுத்தை நான் திருகினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையைப் பார்த்தால், இமையைத் தைத்தவளே நான்தான் என்று தோன்றும்.

“வேற என்ன செய்யச் சொல்லுதிய? மடியில வச்சி வளக்கவா?”

“எவன்னு தெரியும்கா. மேலக்கரை இசக்கிமுத்து. கையில கெடச்சாம்னா கொன்னே போடுவேன்.”

“கொல்லுறவன் சொல்லிக்கிட்டிருக்க மாட்டான். டெட்டால் போடுங்க.”

ஜனவரி 13, செவ்வாய்

நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. நான் கீழ்க்கரை, நயினார் மேல்கரை. மேல்கரையில் அவருக்கும் வலைக்காரன் இசக்கிமுத்துவுக்கும் கைகலப்பு. அவன் மருத்துவமனையில் இருக்கிறான். நயினாருக்குக் காயமில்லை.

எரிவாயு சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவன் வாசற்படியில் போட்டுவிட்டுப் போய்விட்டான், நானே உருட்டினேன்.

ஜனவரி 14, புதன்

இசக்கிமுத்து விடியற்காலையில் இறந்தான்.

போகி. தெரு முழுவதும் டயர் புகை. எங்கள் பறவைக் குழுவின் வாட்ஸ்அப்பில் அதைவிட அதிகப் புகை. ‘எங்கள் சிங்கம் நயினார் அண்ணாச்சி’ என்று ஒருவர். கைகூப்பும் படங்கள், கை தட்டும் படங்கள். பல்லாயிரம் பறவைகளின் பழி தீர்ந்தது என்று ஒரு பல் மருத்துவர் எழுதியிருக்கிறார். பறவைகள் அவரிடம் வக்காலத்து கொடுத்தது எனக்குத் தெரியாது.

நயினார் காவல் நிலையத்தில் சொன்னது: அவன் அரிவாளோடு வந்தான். கழுத்தில் கிடந்த பைனாகுலரைக் கழற்றி ஒருமுறை வீசினேன். நெற்றியில் பட்டது. தடுமாறி விழுந்தபோது பின்மண்டை மடைக்கல்லில் மோதியது. வக்கீல் உடனிருந்தார். இப்போதைக்கு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஜனவரி 16, வெள்ளி

ஆய்வாளர் வந்தார். பேச்சித்தாய் என்று பெயர். நாற்பது வயது இருக்கலாம். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொடுத்ததும் குடித்தார்.

“அன்னைக்கு நீங்க எதிர்க்கரையில நின்னியளாம்லா?”

“நின்னேன்.”

“சண்டையப் பாத்தியளா?”

“பார்த்தேன்.”

“என்ன பாத்திய?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

“யோசிக்கதுக்கு என்னம்மா இருக்கு? பாத்தா பாத்தேன், பாக்கலன்னா பாக்கல.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “ஒடம்புல ரெண்டு காயம். முன்னால ஒண்ணு, பின்மண்டையில ஒண்ணு. ரெண்டாவது கல்லு குடுத்ததா, அண்ணாச்சி குடுத்ததான்னு டாக்டரால அடிச்சிச் சொல்ல முடியல. ஒண்ணுன்னா தற்காப்பு, வீட்டுக்குப் போயிருவாரு. ரெண்டுன்னா கொலை. அங்கன வேற யாரும் கெடையாது. நீங்க ஒராளுதான்.”

இரண்டு நாள் கேட்டேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, ஆணியில் தொங்கிய பைனாகுலரைக் காட்டி, இதில் அவ்வளவு தூரம் தெரியுமா என்றார். கணக்கு சொன்னேன். மடைக்கும் நான் நின்ற இடத்துக்கும் நூற்றறுபது மீட்டர். இது எட்டு மடங்கு அருகில் கொண்டுவரும். அப்படியானால் இருபது மீட்டர். சூரியன் என் முதுகுப் பக்கம். வெளிச்சம் முழுவதும் அவர்கள்மேல். இருபது மீட்டரில் நிற்பவர் கையில் கட்டியிருப்பது கடிகாரமா கயிறா என்று தெரியும்.

“அப்போ நல்லாவே தெரியும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரி 17, சனி

நயினார் வந்தார். பொங்கலுக்கு வழக்கமாகக் கொண்டுவரும் பனங்கிழங்குக் கட்டு கையில். அடுக்களையில் உட்கார்ந்து, நான் காப்பி போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகச்சவரம் செய்திருக்கவில்லை.

“அக்கா, அன்னைக்குப் பனி. கண்ணாடி வேத்துப்போச்சி, சரியாத் தெரியலன்னு சொல்லிருங்க. முடிஞ்சிபோவும்.”

“இது வேர்க்காது. உள்ள நைட்ரஜன் அடைச்சது. அதுக்குத்தான் காசு குடுத்தேன்.”

“அவங்களுக்கு அது தெரியுமா?”

“எனக்குத் தெரியும்.”

பிறகு அந்தக் கொக்குகளைப் பற்றிப் பேசினார். தைத்த கண்ணைப் பற்றி, இரத்தத்தைப் பற்றி, தூக்கம் வராததைப் பற்றி. எல்லாம் உண்மை. நான் மறுக்கவில்லை.

“அவன் எம்மேல பாஞ்சான்கா.”

“பாய்ஞ்சான். அரிவாள் இடுப்புல இருந்துச்சு, கையில இல்ல. நீங்க வீசுனது நெத்தியில பட்டுச்சு. முழங்கால் போட்டு விழுந்தான். மல்லாக்க விழல.”

“அதுக்குள்ள எனக்கு என்ன தெரியும்? கண்ணு இருட்டிட்டு.”

“இருட்டலை, நயினார். கீழ கெடந்த பைனாகுலரை எடுத்தீங்க. வாரை உள்ளங்கையில சுத்துனீங்க. மூணு சுத்து. பிடி இறுகுதான்னு ஒருதரம் இழுத்துப் பாத்துக்கிட்டீங்க. அவன் பின்னால போய் நின்னுதான் அடிச்சீங்க.”

இதை நான் இவ்வளவு கோவையாகச் சொன்னது எனக்கே வியப்பாக இருந்தது. வகுப்பில் சோதனை விளக்குவதுபோல் இருந்தது குரல்.

அவர் எழுந்து ஆணியிலிருந்து பைனாகுலரை எடுத்தார். கொல்லைப்புறம் போகிறார் என்று தெரிந்ததும் பின்னால் ஓடி வாரைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கிழங்கள் ஒரு தோல்வாருக்காகத் துணிதுவைக்கும் கல்லைச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தோம். என் வலது மணிக்கட்டைப் பிடித்து, சாவியைத் திருப்புவதுபோல் திருப்பினார். உள்ளே ஒன்று முறிந்தது; காதில் கேட்டது. விட்டுவிட்டேன். கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தார். முதல் அடியில் குழல் பிளந்தது. பிறகும் அடித்தார். உள்ளிருந்த கண்ணாடிப் பட்டகங்கள் சிதறிச் சாக்கடையில் விழுந்தன. அப்போது அவருடைய முகம் குளத்தங்கரையில் நான் பார்த்த அதே முகமாக இருந்தது. இம்முறை உருப்பெருக்கம் தேவைப்படவில்லை.

அடுக்களைக்குப் போய், இடது கையால் காப்பிப் பாத்திரத்தை எடுத்துவந்து அவர்மேல் ஊற்றினேன். கழுத்திலும் தோளிலும் பட்டது. அலறினார். புதிதாக இறக்கிய டிகாக்‌ஷன், முழுவதும் வீண்.

போகும்போது, “மன்னிச்சிருங்கக்கா,” என்றார். கதவைச் சாத்தினேன்.

கிழங்கை எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன். கை வீங்குவதற்குள் எழுதி முடிக்கவேண்டும் என்று எழுதுகிறேன்.

ஜனவரி 18, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன். ஆலயத்துக்குப் போகவில்லை.

ஜனவரி 19, திங்கள்

எலும்பு முறிவு. மாவுக்கட்டு முழங்கை வரை. எப்படி என்று மருத்துவர் கேட்டார். குளியலறையில் வழுக்கிற்று என்றேன்.

பேச்சித்தாயிடமும் தொலைபேசியில் அதையே சொன்னேன். வாக்குமூலத்துக்கு இன்னும் சில நாள் வேண்டும் என்றேன். “எந்தக் கையி?” என்று கேட்டார். வலது என்றேன். “ம்,” என்று வைத்துவிட்டார்.

சாக்கடையிலிருந்து ஒரு பட்டகத்தை எடுத்துக் கழுவினேன். மூலை உடைந்திருந்தது. சன்னலோரம் வைத்ததும் சுவரில் நிறமாலை விழுந்தது. நல்ல கண்ணாடிதான்.

ஜனவரி 21, புதன்

குழுவில் நயினார் எழுதியிருக்கிறார். பெரிய கடிதம். ஆறுதல் சொன்ன அனைவருக்கும் நன்றி. உண்மை வெல்லும். பிறகு இது:

‘எமிலி அக்கா மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எழுபத்து மூன்று வயது. கண் அறுவை செய்தவர்கள். அவர்கள் வைத்திருக்கும் சாதாரண பைனாகுலரில் அந்தத் தூரத்தில் மனிதனா மாடா என்றுகூடத் தெரியாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.’

முப்பத்தெட்டுப் பேர் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் என் பைனாகுலரை வாங்கிப் பார்த்துவிட்டு, “இந்த விலைக்கு இவ்வளவு தெளிவாக்கா!” என்று சொன்னவர்கள்.

சாதாரண பைனாகுலர்!

கோயம்புத்தூர்க் கடைக்குத் தொலைபேசியில் பேசி, அதே மாதிரியில் ஒன்று அனுப்பச் சொன்னேன். இருப்பு இருக்கிறதாம். நயினாருடையது உடைந்திருந்தால் மகன் கடல் கடந்து ஆள் அனுப்பவேண்டும். நடுத்தர விலைப் பொருளின் பெருமை இதுதான். அதைப்போல் ஆயிரம் உண்டு, ஆயிரமும் ஒன்றுபோல் காட்டும்.

பிறகு பேச்சித்தாயை அழைத்து, அன்று கரையில் பார்த்ததையெல்லாம் சொல்லி, சோதனை வையுங்கள் என்றேன். தன்மானம்தான் காரணம். வேறு எதையும் யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

ஜனவரி 23, வெள்ளி

பார்சல் வந்தது. வலது கண் வளையத்தை ஒற்றைக் கையால் சரிசெய்ய அரை மணி நேரம் பிடித்தது. வார் புதிது, விறைப்பாக இருக்கிறது, கழுத்தை அறுக்கிறது. மாவுக்கட்டின்மேல் வைத்துப் பார்த்தால் நடுக்கமே இல்லை. கை முறிந்ததில் கண்ட ஒரே நன்மை.

எதிர்வீட்டு மாடியில் காயும் சட்டையின் பொத்தான்களை எண்ணினேன்.

ஜனவரி 24, சனி

அதே வேளை, அதே இடம். கீழ்க்கரையில் நானும் பேச்சித்தாயும். மேல்கரையில் மடைக்கருகே இரண்டு காவலர்கள். என்ன செய்யவேண்டும் என்று அவர்களுக்கு முன்பே சொல்லியிருந்தார். எனக்குச் சொல்லவில்லை. காற்று இல்லை. நீர் எண்ணெய்போல் கிடந்தது.

“ஆரம்பிக்கலாமாம்மா?”

பார்த்தேன். பார்த்ததைச் சொன்னேன்.

“தடியா இருக்கவர் தொப்பியக் கழட்டுறார். இடது கையால. சட்டைப் பையிலேர்ந்து பேனா எடுக்கிறார். மூடி சிவப்பு. இன்னொருத்தர் குத்தவச்சு உக்காந்துட்டார். தடியர் கைக்குட்டைய உள்ளங்கையில சுத்துறார். ஒண்ணு. ரெண்டு. இல்ல, ரெண்டாவது பாதியில அவுந்துட்டுது. மறுபடியும் சுத்துறார்.”

பேச்சித்தாய் என்னிடமிருந்து வாங்கித் தானும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “எம்மா! மீசை நரச்சதுகூடத் தெரியுதே!” என்றார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்ததை மறைப்பானேன்.

கையை உயர்த்திப் போதும் என்று காட்டினார். அப்போது அக்கரையிலிருந்து தடியர் மற்றவரிடம் சொன்னது, பக்கத்தில் நின்று சொன்னதுபோல் வந்தது.

“கெழவிக்கு எதுத்தாப்ல எரும நின்னாத் தெரியுமாடே? இதுக்குப் போயி விடியக்கருக்கல்ல நம்ம உயிர எடுக்காவ.”

பேச்சித்தாய் வாய்விட்டுச் சிரித்தார். “கேட்டியளாம்மா? இன்னைக்கு இருக்கு அவருக்கு!”

நானும் சிரித்தேன். முதலில் நிறுத்தியவர் அவர்தான். தண்ணீரைப் பார்த்தார். அக்கரையைப் பார்த்தார். பிறகு என்னை.

“இங்கன வரைக்கும் கேக்குதே.”

“கேக்கும். விடியுற நேரம் தண்ணிக்கு மேல காத்து குளுந்திருக்கும், அதுக்கு மேல இருக்க காத்து சூடு. சத்தம் மேல போகாம வளைஞ்சு கீழயே வரும்.” பாடத்தைத் தொடங்கினால் நடுவில் நிறுத்தும் பழக்கம் எனக்கு இல்லை.

“அப்போ இங்கேருந்து கத்துனா அங்க கேக்கும்.”

“கேக்கும்.”

“அவரு வாரச் சுத்துனாருன்னியளே. மூணு சுத்து. பொறவு இழுத்துப் பாத்தாருன்னிய. பொறவு நடந்து அவன் பின்னால போனாருன்னிய. அம்புட்டு நேரம் இருந்திருக்கு.”

நான் மாவுக்கட்டைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டேன். அவர் இன்னும் கேள்வி கேட்டிருக்கவில்லை.

“கூப்புட்டியளாம்மா?”

“கணக்கெடுக்கும்போது ரெண்டு கரையும் பேசிக்கிறதில்ல. எங்க குழு விதி. ஒருத்தர் எண்ணுறது இன்னொருத்தர் காதுல விழக்கூடாது.”

நான் சொன்னது உண்மை. அந்த விதியை எழுதியவளே நான்தான்.

அவர் பைனாகுலரை என் கழுத்தில் மாட்டிவிட்டார். மிகவும் கவனமாக, மாவுக்கட்டில் படாமல் மாட்டினார். அந்தக் கவனம் எனக்குப் பிடிக்கவில்லை.

“செவ்வாக்கெழம கோர்ட்டுல நடுவர் முன்னால வாக்குமூலம். அவரு கேட்டா இதையும் சொல்லுவியளா?”

“கேட்டா சொல்லுவேன்.”

காவலர்கள் வந்துசேர்ந்ததும் ஜீப்புக்கு நடந்தோம். கலுங்கருகே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு குழந்தை, பக்கத்தில் ஒன்று. இசக்கிமுத்துவின் மனைவி என்று தடியர் சொன்னார். தினமும் வந்து உட்காருகிறாளாம். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் கழுத்தில் தொங்குவதைப் பார்த்தாள். குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

ஜனவரி 25, ஞாயிறு

நயினார் மூன்று முறை தொலைபேசியில் அழைத்தார். எடுக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் பனங்கிழங்கை அவித்து எனக்கே ஒரு தட்டு கொண்டுவந்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தின்றேன்.

ஜனவரி 27, செவ்வாய்

நடுவர் மிகவும் இளைஞர். என் மாணவர்களின் மாணவர்களாக இருந்திருக்கக்கூடிய வயது. பேச்சித்தாயை வெளியே அனுப்பிவிட்டார். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். கையைப் பார்த்து, இது எப்படி என்றார். ஆறுமுகநயினார் முறித்தார் என்றேன். தட்டச்சுப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நெற்றி அடி. முழங்கால். வார், மூன்று சுற்று, இழுத்துப் பார்த்தது. பின்னால் நடந்தது. அடி. அவன் மடைக்கல்லில் விழவில்லை. நயினார்தான் அவனைக் காலால் தள்ளிக் கல்லருகே கொண்டுபோனார்.

“இவ்வளவையும் அந்தப் பைனாகுலரில் பார்த்தீர்களா?”

“பார்த்தேன்.”

“ஏதாவது காதில் விழுந்ததா?”

கேட்டுவிட்டார். கேட்டால் சொல்வேன் என்று சொல்லியிருந்தேன்.

“விழுந்தது. முழங்காலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டான். ‘ஐயா, வேண்டாம்யா, சின்னப் பிள்ளைய இருக்கு’ என்றான். இரண்டு தடவை சொன்னான். இரண்டாவது தடவை இரத்தம் வாயில் போனதால் தெளிவில்லை.”

“நீங்கள் கூப்பிட்டிருந்தால் ஆறுமுகநயினாருக்குக் கேட்டிருக்குமா?”

“கேட்டிருக்கும்.”

தட்டச்சுச் சத்தம் நின்றது. வெளியே யாரோ வழக்கு எண்ணைக் கூவினார்கள்.

“அவன் அப்படிக் கெஞ்சியபோது நீங்கள் என்ன செய்தீர்கள், அம்மா?”

உண்மையைச் சொல்வதாக உறுதிமொழி கொடுத்திருந்தேன்.

“படம் கொஞ்சம் மங்கலாக இருந்தது. குவியத்தைச் சரிசெய்தேன்.”